நோ இன்டர்நெட், செக்கியூர்ட்

விண்டோஸ் எழுதுகிற வசனங்களில் எனக்கு மிகவும் பிடித்தது "நோ இன்டர்நெட், செக்கியூர்ட்" என்பதுதான். வைஃபை அடையாளத்தை அழுத்தினால், நாங்கள் சேர்ந்திருக்கிற வலையமைப்பின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும். தமிழில் சொன்னால்: இணையம் இல்லை, ஆனால் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். இலங்கையில் வளர்ந்த ஒருவருக்கு இந்த வசனம் அவ்வளவு புதிதாக இருக்காது. கேட்டது ஒன்றும் கிடைக்காது, பாதுகாப்பு மட்டும் பலமாக இருக்கும்.

கொஞ்சம் கவனித்தால் அந்த ஒற்றை வரிக்குள் இரண்டு தனித்தனிச் செய்திகள் இருக்கு. லப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் போய்வரும் அலை கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கு என்பதுதான் 'செக்கியூர்ட்'. 'நோ இன்டர்நெட்' வேறு கதை. ஒரு வலையமைப்பில் சேர்ந்தவுடன் விண்டோஸ், மைக்ரோசொஃப்ட் வைத்திருக்கிற ஒரு சின்னக் கோப்பைப் போய் எடுத்துப் பார்க்கும். அந்தக் கோப்புக்குள் "மைக்ரோசொஃப்ட் கனெக்ட் டெஸ்ட்" என்ற மூன்று சொற்கள் மட்டும்தான். அது கைக்கு வந்தால் இணையம் இருக்கு, வராவிட்டால் இல்லை. ஏன் வரவில்லை என்று சொல்லாது. ரவுட்டரோடேயே நின்றுவிட்டதா, ரவுட்டரைத் தாண்டி எங்கேயாவது நின்றதா, மாசக் காசு கட்டாததால் நின்றதா, எல்லாவற்றுக்கும் அதே ஒரு வசனம்.

என் அறைத்தோழியின் லப்டொப் இந்த வசனத்தை ஆறு கிழமையாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஹட்டன் பக்கம். அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்து அனுப்பின காசில் செகண்ட் ஹாண்டாக வாங்கின லப்டொப் அது. பற்றரி ஒரு மணித்தியாலம் தாண்டாது. ஒரு பக்கத்துப் பிணைச்சல் உடைந்து, சுவரில் சாய்த்து வைத்துத்தான் திறக்க வேண்டும். ஆனால் அதற்குள்தான் அவளின் ஆய்வுக் கட்டுரை இருக்கு. தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற வயதான பெண்கள் ஒன்பது பேரிடம் எடுத்த நேர்காணல்கள், மொத்தமாகப் பதினொரு மணித்தியாலக் குரல். அதைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கி, பகுதி பகுதியாக மேற்பார்வையாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் திருத்தி அனுப்புவதை இறக்க வேண்டும். இடைக்கிடை ஸூமில் கூட்டம்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு அன்ரி வீட்டு மேல்மாடியில் இருக்கிறோம். வாடகையோடு வைஃபையும் சேர்த்தி. எங்கள் போன்களில் வேலை செய்யும். என்னுடைய லப்டொப்பில் வேலை செய்யும். அவளுடைய லப்டொப் மட்டும் வைஃபையில் சேரும், கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்ளும், பிறகு அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

முதலில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்தவர் திறந்து பார்த்துவிட்டு "வைஃபை கார்ட் போயிட்டு, மாத்த 7,500 ரூபா வரும்" என்றார். அவ்வளவு காசு இல்லை என்று அடுத்த கடைக்குப் போனாள். அங்கே "விண்டோஸ் திரும்ப அடிக்க வேணும்" என்றார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் லப்டொப்புக்கு என்ன வருத்தம் வந்தாலும் கடைசி மருந்து ஃபோமட் அடிப்பதுதான். அவள் இரண்டு நாள் இருந்து ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் இரவல் பென்டிரைவில் ஏற்றினாள். ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டுச் சரிபார்த்தாள். பிறகு 2,500 ரூபா கொடுத்து ஃபோமட் அடித்தாள். கடையில் இணையம் வடிவாக வேலை செய்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் திரும்ப நோ இன்டர்நெட், செக்கியூர்ட்.

கடைக்காரத் தம்பி போனில் சொன்னார்: "அப்ப உங்கட வீட்டு வைஃபைதான் அக்கா பிழை."

அன்ரி சொன்னா: "என்ர ரிவியில யூடியூப் வடிவா ஓடுது பிள்ளை. உங்கட கொம்பியூட்டர்தான் பிழை. ஆராவது தெரிஞ்ச பொடியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கோவன்."

இப்படியே கிழமைகள் போயின. அவள் தன்னுடைய போனுக்கு ரீலோட் பண்ணி, ஹொட்ஸ்பொட் போட்டு வேலை செய்தாள். ஒலிக்கோப்புகள் ஏற்றினால் டேட்டா ஒரே இரவில் முடிந்துவிடும். ஒரு இரவு லப்டொப்பை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் டொபிக்க மாத்திக்கிறேன்டி. லைப்ரரில இருக்கிற புக்க வச்சே ஏதாச்சும் எழுதிக்கலாம். நம்மளுக்கு இதெல்லாம் சரி வராது."

அந்த 'நம்மளுக்கு' என்பதற்குள் நானும் இருந்தேனா, அவளும் அவளுடைய ஊரும் மட்டும் இருந்ததா என்று எனக்கு விளங்கேல்லை. ஆனால் ஒன்பது கிழவிகளின் பதினொரு மணித்தியாலக் கதை ஒரு வைஃபையால் நின்றுபோவதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அடுத்தநாள் பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் இருந்து பார்ப்பம் என்று முடிவெடுத்தோம்.

*

நான் படிப்பது வரலாறு. கொம்பியூட்டருக்கும் எனக்கும் உள்ள தொடர்பு அசைன்மென்ட் அடிப்பதோடு சரி. ஆனால் வரலாற்று ஆய்வுமுறையில் முதல் வருஷமே சொல்லித்தரும் ஒரு விஷயம் இருக்கு. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் உடனே ஒருவரைப் பொய்யராக்கக் கூடாது, இரண்டு பேரும் உண்மை சொல்வதாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் ஒருக்கா யோசித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரத் தம்பி லப்டொப் நல்லது என்கிறார். அன்ரி வைஃபை நல்லது என்கிறா. இரண்டு பேரும் சரியென்றால்?

இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தோம். லப்டொப்பை என்னுடைய போன் ஹொட்ஸ்பொட்டில் சேர்த்தோம், உடனே வேலை செய்தது. ஆகவே கார்ட் போகவில்லை. 7,500 ரூபா அந்த இடத்திலேயே மிச்சம். பிறகு என்னுடைய லப்டொப்பை அவளின் மேசையில், அதே இடத்தில் வைத்து வீட்டு வைஃபையில் சேர்த்தோம். அதுவும் வேலை செய்தது. ஆகவே சிக்னல் அந்த மூலைக்கு வருது, ரவுட்டருக்கும் இணையம் வருது. பிழை இந்த இரண்டிலும் தனியே இல்லை. இவை இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் ஏதோ இருக்கு.

அடுத்து நாங்கள் சந்தேகப்பட்டது நெரிசலை. வைஃபையில் ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பேசுவதற்கு முதல் வேறு யாரும் பேசுகிறார்களா என்று ஒவ்வொரு கருவியும் காது கொடுத்துக் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிவிட்டால், இரண்டு பேரும் ஆளுக்கொரு எழுந்தமான நேரம் பொறுத்திருந்து திரும்பப் பேசுவார்கள். இதன் பூர்வீகம் ஹவாய்த் தீவுகள். தீவுகளில் இருந்த பல்கலைக்கழக வளாகங்களை வானொலி அலையால் ஒரே கணினியோடு இணைக்க 1971இல் அலோஹாநெட் என்ற வலையமைப்பைத் தொடங்கினார்கள். மோதினால் பொறுத்திருந்து திரும்பப் பேசுகிற அந்த வழக்கம் அங்கிருந்து வந்தது. கூட்டுக் குடும்பத்தில் சாப்பாட்டு நேரத்தில் கதைக்கிற மாதிரித்தான். இதெல்லாம் வாசித்து நல்ல சந்தோசமாக இருந்தது. ஆனால் நெரிசல் என்றால் இணையம் மெதுவாகும். அவளுக்கு மெதுவாக வரவில்லை, வரவே இல்லை. அதனால் அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டோம்.

அப்போது அவள் ஒரு விஷயம் சொன்னாள். "சனி ஞாயிறுல சில நேரம் வேலை செய்யுதுடி. நீங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டா."

ஹட்டன் தூரம் என்பதால் அவள் வார இறுதியில் போவதில்லை. மற்ற நாலு பேரும் வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறிவிடுவோம். வெள்ளி இரவு வேலை செய்யாதாம். சனிக்கிழமை பின்னேரம் போல வரும். ஞாயிறும் இருக்கும். கிழமை தொடங்கி செவ்வாய், புதன் வாக்கில் போய்விடும். அவள் இதைத் தற்செயல் என்று நினைத்திருந்தாள். லப்டொப்புக்கு நாட்காட்டி தெரியும், ஆனால் போர்டிங்கில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாதே. அது தெரியக்கூடிய ஒரே சாமான் கீழ் மாடியில் ரிவிக்குப் பக்கத்தில் இருக்கிற ரவுட்டர்.

*

விண்டோஸில் கமாண்ட் ப்ரொம்ப்ட் என்றொரு கறுப்புத் திரை இருக்கு. தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்தை அடித்தால் வரும். படங்களில் ஹக்கர்மார் அடிப்பதைப் பார்த்துப் பயந்து நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அதில் 'ஐபிகொன்ஃபிக்' என்ற சொல்லை அடித்து என்டர் தட்டினால், உங்கள் கருவிக்கு இந்த வலையமைப்பில் கிடைத்திருக்கும் முகவரி வரும்.

என் லப்டொப்பில் அடித்தோம்: 192.168.1.7.

அவளின் லப்டொப்பில் அடித்தோம்: 169.254 என்று தொடங்கும் ஓர் இலக்கம்.

பிழை அகப்பட்ட இடம் இதுதான். ஒரு வீட்டு வைஃபையில் சேர்கிற ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். முகவரி இல்லாவிட்டால் அனுப்பின கேள்விக்குப் பதில் எங்கே திரும்பி வருவது? அந்த முகவரியை ரவுட்டர்தான் கொடுக்கும், அதுவும் நிரந்தரமாக இல்லை, குத்தகைக்கு. எங்கள் ரவுட்டரில் குத்தகைக் காலம் 24 மணித்தியாலம். புதிதாக வருகிற கருவி முதலில் ஒரு கூச்சல் போடும்: "இங்கே யாராவது முகவரி கொடுக்கிறவர் இருக்கிறீர்களா?" அந்தக் கடிதத்தில் அனுப்புநர் முகவரி எழுத வேண்டிய இடத்தில் 0.0.0.0 என்று இருக்கும். முகவரி கேட்பவருக்கு இன்னும் முகவரி இல்லையே, அதனால் நாலு பூச்சியம். ரவுட்டர் கேட்டுவிட்டு "இது வேணுமோ?" என்று ஒன்றை நீட்டும். கருவி "ஓம், அது காணும்" என்னும். ரவுட்டர் "சரி, உனக்குத்தான்" என்று பதிந்துகொள்ளும். இந்த நாலு பேச்சும் ஒரு கண் சிமிட்டலில் முடிந்துவிடும்.

ரவுட்டரிடம் கொடுக்க முகவரி மிச்சம் இல்லாவிட்டால்? "இல்லை" என்று சொல்லாது. பேசாமல் இருக்கும். கருவி கொஞ்ச நேரம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் 169.254 என்று தொடங்கும் இலக்கங்களில் ஒன்றைத் தானாகவே தனக்குச் சூட்டிக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு வெளியுலகத்துக்குப் போக முடியாது. அது முகவரி மாதிரி இருக்கும், முகவரி இல்லை.

விண்டோஸ் இதை ஒருபோதும் விளக்கிச் சொல்லவில்லை. "உனக்கு முகவரி தரப்படவில்லை" என்று ஒரு வரி காட்டியிருந்தால் அவளுக்கு 2,500 ரூபாவும் ஆறு கிழமையும் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு விதி இருக்கு. அதைத் தெரிந்துகொண்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. குத்தகை முடியும் வரைக்கும் யாரும் காத்திருப்பதில்லை. பாதிக் காலம் போனதுமே, முகவரியை ஏற்கெனவே வைத்திருக்கிற கருவி "எனக்கே நீட்டித் தா" என்று கேட்டுவிடும். ரவுட்டரும் கொடுத்துவிடும். ஆகவே எந்நேரமும் விழித்திருக்கிற சாமானுக்கு இடம் போகவே போகாது. அன்ரியின் ரிவி, கேட்டடியில் இருக்கிற சிசிரிவி, எங்கள் போன்கள் எல்லாம் அப்படித்தான். பகல் முழுக்க லைப்ரரியில் இருந்துவிட்டு, பற்றரி பழுதென்று லப்டொப்பை முழுதாக அணைத்து வைத்து, இரவில் மட்டும் திறக்கிற ஒருத்தி ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

*

ரவுட்டரின் உள்பக்கத்தைப் பார்க்க பிரவுசரில் 192.168.1.1 என்று அடிக்க வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற துண்டில் இருக்கும். ஆனால் அது அன்ரியின் ரவுட்டர். கேட்காமல் தொட முடியாது.

அன்ரிக்கு விருப்பமில்லை. "மகன் கனடாவில இருந்து வந்து நிண்டு செட் பண்ணிப் போட்டுப் போனவன். அதைக் கிண்டினா எல்லாம் நிண்டுடும். பில்லும் கூடிடும்."

ஐபி, குத்தகை என்று சொல்லத் தொடங்கி இரண்டு வசனத்திலேயே நிறுத்திவிட்டேன். பிறகு, "அன்ரி, நிவாரண அட்டை மாதிரி. சங்கக்கடையில பத்து அட்டைக்குத்தான் சாமான் வந்திருக்கு எண்டு வையுங்கோ. பதினோராவது ஆள் வந்தா என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

அன்ரி உடனே பிடித்துக்கொண்டா. "எங்களிட்டக் கேளன் அதை. நிவாரணத்துக்கு வரிசையில நிண்ட ஆக்கள் நாங்கள்."

பிறகு அரை மணித்தியாலம் அவவின் கதை. 90களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் ரேடியோவில் செய்தி கேட்டது. வயர் எந்த இடத்தில் விட்டிருக்கு என்று இருட்டில் விரலால் தடவியே கண்டுபிடிக்கிறது. ஜாம் போத்தல் விளக்குக்குத் திரி போடுகிறது. "அப்ப ஆரும் பொடியன் வந்து செய்து தரேல்லை. நாங்கள்தான்" என்றா. தெரிஞ்ச பொடியனைக் கூப்பிடச் சொன்னதும் இதே அன்ரிதான். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை.

ரவுட்டர் பக்கத்தைத் திறந்தோம். டி.எச்.சி.பி. என்ற பகுதிக்குள் தொடக்க முகவரி, முடிவு முகவரி என்று இரண்டு கட்டம். தொடக்கம் 192.168.1.2. முடிவு 192.168.1.11. பத்தே பத்து இடம்.

வீட்டில் இருக்கிற சாமான்களை ஒரு கொப்பித்தாளில் எழுதிக் கணக்குப் பார்த்தோம். அன்ரியின் போன், ரிவி, சிசிரிவி, பேரப்பிள்ளையின் டப் என்று நாலு. எங்கள் ஐந்து போன். ஐந்து லப்டொப். பதினாலு. யாராவது விருந்தாளி வந்து கடவுச்சொல் கேட்டால் அவருடைய போனும் ஒரு நாளைக்கு ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஆள் போன பிறகும். கணக்கை முடித்தபோது முதலாம் வருஷத் தங்கச்சி சொன்னாள், தன்னுடைய லப்டொப்பிலும் இப்படி அடிக்கடி வரும், போர்டிங் என்றால் அப்படித்தானாக்கும் என்று நினைத்துப் போன் டேட்டாவில் இருந்ததாக.

அன்ரி மகனுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தா. அங்கே விடியப்புறம். அவர் நித்திரைக் குரலில் கேட்டுவிட்டு, "நான் செட் பண்ணேக்க அம்மாவும் மேல ரெண்டு பிள்ளையளும்தானே. பத்துக் காணும் எண்டு நினைச்சன். கனபேர் பாஸ்வேர்ட் எடுத்துப் பாவிக்காம இருக்கவும்தான்" என்றார். மாற்றலாமோ என்று கேட்டோம். ஓம் என்றார். முடிவு முகவரியில் 11ஐ அழித்து 200 என்று அடித்து, சேவ் பண்ணினோம். முழு வேலையும் நாலு நிமிஷம்.

மேலே ஓடிப்போய் அவளின் லப்டொப்பை வைஃபையில் இருந்து துண்டித்துத் திரும்பச் சேர்த்தோம். ஐபிகொன்ஃபிக் அடித்தாள்.

192.168.1.12.

"பன்னெண்டு" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். பிறகு மூன்று மாதமாக அனுப்பாமல் கிடந்த முதலாவது நேர்காணலை ஏற்றத் தொடங்கினாள்.

*

அது ஏறிக்கொண்டிருக்கிற நேரம்தான் அவள் சொன்னாள்: "எங்க லயத்துலயும் இதே கததான். எங்க வீட்டுக்குன்னு அட்ரஸ் கெடையாது. தோட்டத்துப் பேரு, டிவிஷன் பேரு, அவ்ளோதான். கடிதம் தோட்ட ஆபிஸுக்கு வரும். அங்கயிருந்து யாராச்சும் கொண்டாந்தாத்தான் நம்ம கையில. அக்காவுக்கு ஒரு இன்டர்வியூ கடிதம் வந்துச்சு. கையில கெடைக்கிறப்போ தேதி முடிஞ்சு நாலு நாளு."

மலையகத்தில் லயன் அறைகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாதது பற்றி நான் வகுப்பில் படித்திருக்கிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் என்று வருஷங்களைப் பாடமாக்கி எழுதிப் புள்ளியும் எடுத்திருக்கிறேன். பிரஜாவுரிமை கிடைத்த பிறகும் கதவிலக்கம் கிடைக்காமல் இருக்கலாம் என்பது அந்த விடைத்தாளில் எங்கும் வரவில்லை. அடையாள அட்டை இருக்கலாம், வாக்கு இருக்கலாம், ஆனால் அனுப்பினது கைக்கு வராது. சேர்ந்திருக்கிறார்கள், பதில் வந்துசேர இடம் இல்லை.

நான் இதை வாய்விட்டுச் சொன்னபோது அவள் முறைத்தாள். "எங்க கதைய ரவுட்டர் கதையா ஆக்கிடாத. ரவுட்டர்ல நாலு நிமிஷத்துல மாத்திட்டோம்."

அவள் சொன்னது சரி. ஒப்பிட்டால் அழகாக வருது என்பதற்காக ஒப்பிடக் கூடாது. ரவுட்டரில் பத்து என்று வைத்தவரை வட்ஸ்அப்பில் எழுப்பிக் கேட்கலாம். அவருக்குக் கெட்ட எண்ணமும் இல்லை, அவர் கணக்குப் பார்த்த காலத்தில் இருந்த ஆட்களுக்கு அது காணும். தோட்டத்தில் யாரை எழுப்புவது? அங்கே கணக்குப் போட்டவர்கள் ஆட்கள் கூடியது தெரியாமல் போட்டவர்களும் இல்லை. 1823இல் வந்தவர்கள் என்று வைத்துப் பார்த்தாலே 200 வருஷம் தாண்டிவிட்டது. இந்த வித்தியாசத்தையும் சேர்த்து எழுதுவதென்றால் எழுது என்று அவள் அனுமதி தந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

*

லப்டொப்பில் வைஃபை வேலை செய்யாமல் கடைக்குப் போக நிற்கிற ஆட்களுக்காக, நாங்கள் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. ஆனால் கடையில் லப்டொப் மட்டும்தான் போய் நிற்கும், வீடு கூடப் போகாது.

முதலில் விமானப் பயன்முறை தவறி அழுத்துப்பட்டிருக்கா என்று பாருங்கள். பல லப்டொப்புகளில் மேல்வரிசை விசை ஒன்றே அதைச் செய்துவிடும். பிறகு இரண்டு சோதனை: அதே வைஃபையில் வேறு கருவி, அதே கருவியில் வேறு வைஃபை. இந்த இரண்டும் பாதிப் பிரச்சினையைப் பிரித்துத் தந்துவிடும். வேறு வைஃபையிலும் வேலை செய்யாவிட்டால் டிரைவரையும் கார்ட்டையும் யோசிக்கலாம். டிவைஸ் மனேஜருக்குள் வைஃபை கார்ட்டின் பவர் பகுதியில், மின்சாரத்தை மிச்சம்பிடிக்க அதை அணைக்கலாம் என்று ஒரு சரி அடையாளம் இருக்கும். கொஞ்ச நேரம் வேலை செய்து செய்து நிற்கிறதென்றால் அதை எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் மட்டும் பிழையென்றால் முகவரியைப் பாருங்கள். 169.254 என்று இருந்தால் எங்கள் கதைதான், அல்லது ரவுட்டர் சும்மா திணறிப்போய் இருக்கு. அதை அணைத்து ஒரு நிமிஷம் விட்டுப் போட்டுப் பாருங்கள். முகவரி சரியாக இருந்தால் கறுப்புத் திரையில் 'பிங்' என்ற சொல்லோடு ரவுட்டரின் இலக்கத்தை அடியுங்கள். பதில் வந்தால் அடுத்தது 8.8.8.8. அது கூகிளின் பொதுச் சேவையகம். அங்கேயிருந்தும் பதில் வந்து, ஆனால் எந்த இணையத்தளமும் திறக்காவிட்டால், பெயரை இலக்கமாக மாற்றித் தருகிற டி.என்.எஸ்.இல் பிழை. ஒவ்வொரு படியாகப் போனால் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தெரியும்.

பழைய லப்டொப் என்றால் இன்னும் இரண்டு. ஒன்று, திகதி. உள்ளே இருக்கிற சின்ன வட்ட பற்றரி செத்துப்போனால் லப்டொப் தன்னை ஏதோ ஒரு பழைய வருஷத்தில் இருப்பதாக நினைக்கும். அப்போது பாதுகாப்பான தளங்கள் எல்லாம் அதன் கண்ணுக்குப் பொய்யாகத் தெரியும், திறக்காது. திகதியைத் திருத்தினாலே காணும். இரண்டு, சில பழைய கார்ட்டுகளுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் பேசினால் அதன் பெயரே பட்டியலில் வராது.

ரவுட்டரின் பின்னால் ஊசியால் குத்துகிற சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதைக் குத்த வேண்டாம். இணைய நிறுவனம் போட்டுத் தந்த அமைப்புகளையும் சேர்த்து அழித்துவிடும். பிறகு வீடு முழுக்க இணையம் இல்லாமல் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்த்தும் சரிவராத நாட்களும் இருக்கு. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி காலை எழும்பினபோது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் திறக்கவில்லை. போனை அணைத்து அணைத்துப் போட்டோம். பிறகுதான் அரசாங்கம் தடை செய்திருக்கு என்று தெரிந்தது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறைகளின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் அப்படித்தான். அன்றைக்கு லப்டொப்பும் நல்லது, ரவுட்டரும் நல்லது.

அவளின் ஆய்வுக் கட்டுரையில் இப்போது நாலாம் அத்தியாயம் போகுது. தலைப்பு மாறவில்லை. லப்டொப் இன்னும் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது. அன்ரி, பதினாலு சாமான்களையும் எழுதின அந்தக் கொப்பித்தாளை எறிய விடாமல் ரவுட்டருக்குப் பக்கத்தில் செலோடேப்பால் ஒட்டி வைத்திருக்கிறா. அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகள் வரும்போது எண்ணிப் பார்க்க வேண்டுமாம்.